பிறர் பொருளால் வாங்குபவன்

தன் பணத்தைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதை வாங்குகிறவனுக்குத் தர்மசாஸ்திரம் அதிகம் தேவைப்படுவதில்லை. ஏமாந்தால் நஷ்டம் அவனுடையது. பேரத்தில் ஜெயித்தால் லாபமும் அவனுடையது. இரண்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வந்தாலும் வீட்டாரைத் தவிரக் கேட்பார் இல்லை. ஆனால் ஒருவருடைய பணத்தைக் கொண்டு, மற்றொருவருடைய உபயோகத்துக்காக, மூன்றாமவர் ஒருவரிடம் பொருள் வாங்கும் உத்தியோகம் இருக்கிறதே, அது மனிதனுடைய நேர்மையை வேறு விதமாகச் சோதிப்பது. பணம் தன்னுடையதல்லவாகையால் சிக்கனத்துக்கு இயற்கையான தூண்டுதல் இல்லை. பொருள் தனக்கல்லவாகையால் தரத்தில் இயற்கையான அக்கறை இல்லை. விற்க வந்தவனோ இவனையே பிரபுவாகப் பாவித்துக் கைகட்டி நிற்கிறான். இப்படிப்பட்ட நாற்காலியில் உட்காருகிறவனுக்கு நடுநிலைமை எங்கிருந்து வரும்? பிறவியிலேயே வருவதா, புஸ்தகம் படித்து வருவதா, அல்லது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சில காலம் உட்கார்ந்திருந்தால் வருவதா என்பதையே இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

முக்காலிக்கு நம் தேசத்தில் சட்டத்தின் அங்கீகாரமே உண்டு. 1961-ம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டம் முதலில் கடைசல்காரரையும் பிட்டரையும் மனத்தில் கொண்டு எழுந்தது. 1973-ல் பொறியியல் படித்தவர்களும், 2014-ல் ஏனைய பட்டதாரிகளும் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். ஆகவே பி.காம். முடித்த ஒரு பிள்ளை இன்று கோயமுத்தூரில் ஏதோ ஒரு பம்புத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, கொள்முதல் என்னும் வித்தையை அங்கேயே கற்கத் தொடங்கலாம். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. சட்டத்தின் கண்ணில் அவன் தொழிலாளி அல்லன், கற்பவன். பயிற்சிக்காலம் முடிந்ததும் அவனுக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் முதலாளிக்குக் கிடையாது. வேலை நிச்சயமில்லாத ஒருவனிடம் பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய் என்று கீதையை உபதேசிப்பது சற்றே கொடுமையான வேடிக்கைதான். எனினும் லட்சக்கணக்கான ரூபாய்க்கு வந்திருக்கும் விலைப்புள்ளிகளை, சொற்ப உதவித்தொகை வாங்குகிற அந்தக் கைதான் முதன்முதலில் பிரித்து அடுக்குகிறது என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

அடுக்குவதோடு வேலை முடிவதில்லை. ஸ்டோர்ஸிலிருந்து இண்டென்ட் வருகிறது: பம்பின் உடற்பகுதிக்கு வார்ப்பு உருப்படி இத்தனை வேண்டும் என்று. மூன்று பவுண்டரிகளிலிருந்து கொட்டேஷன் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு தாளில் பத்தி பத்தியாக எழுதிக் கம்பாரிட்டிவ் போடும்படி பையனிடம் சொல்கிறார்கள். கிலோவுக்கு எவன் குறைத்துச் சொல்லியிருக்கிறானோ அவனை முதல் பத்தியில் போட்டு, மிகக் குறைந்த விலைக்காரன் என்ற பொருளில் எல்-1 என்று அழகாக எழுதிக்கொண்டு போய் நீட்டுகிறான். அந்தப் பிரிவின் பெரியவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், பென்சிலை எடுத்து ஓரத்தில் மூன்று கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பையன் மறுபடி படிக்கிறான். குறைந்த விலைக்காரர் லாரி வாடகை தனி என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார். இரண்டாமவர் விலைக்குள்ளேயே வரியும் அடங்கியிருக்கிறது, முதலாமவர் விலைக்கு வரி மேலே. மூன்றாமவர் முப்பது நாள் கடன் கொடுக்கிறார், முதலாமவர் பாதிப் பணம் முன்னால் கேட்கிறார். எல்லாவற்றிலும் நுட்பமான கேள்வி எடையைப் பற்றியது. வார்ப்பை மணல் தட்டி, ரைசர் என்னும் உபரி இரும்பை அறுத்த தழும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு நிறுப்பதா, அதற்கு முன்னே நிறுப்பதா? முன்னே நிறுத்தால் மணலுக்கும் இரும்பு விலை கொடுத்தாகவேண்டும்.

இவ்வளவையும் சமப்படுத்தி எழுதினபோது எல்-1 மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறது. நடுநிலைமை என்றால் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பார்ப்பதற்கு முன்னால் அவர்களை ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு சிரமமான காரியம் இருக்கிறது என்பதும், அந்தக் காரியம் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் ரூபத்திலேயே இருக்கிறது என்பதும் அன்று மாலை அந்தப் பையனுக்குத் தெரிந்துவிடுகின்றன. வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகனுக்கென்றே ஒதுக்கியதும், திருக்குர்ஆனின் 83-ம் அத்தியாயம் தான் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிப் பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவனைக் கண்டிப்பதிலிருந்தே தொடங்குவதும் காரணமின்றி அல்ல. சமயங்கள் நிறைகோலை வெறும் கடைச் சாமானாக நினைக்கவில்லை.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. ஜாஜலி என்னும் முனிவர் அசையாமல் நின்று தவம் செய்கிறார்; அவருடைய சடையில் பறவைகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் வரையில் பொறுத்திருக்கிறார். தர்மத்தின் எல்லையைத் தொட்டுவிட்டேன் என்று அவர் பூரித்தபோது, காசியிலே துலாதாரன் என்று ஒரு வணிகன் இருக்கிறான், அவனுக்கு நீ நிகராகமாட்டாய் என்று ஓர் அசரீரி கேட்கிறது. முனிவர் போய்ப் பார்க்கிறார். அவன் கடையில் உட்கார்ந்து வாசனைத் திரவியங்களும் ரசங்களும் விற்றுக்கொண்டிருக்கிறான். தன் தொழிலைப் பற்றி அவன் சொல்வதில் ஒரு விவரத்தை நாம் வழக்கமாகக் கவனிப்பதில்லை. விற்பதில் மட்டுமன்றிப் பிறர் கையிலிருந்து வாங்குவதிலும் தான் மாயம் செய்வதில்லை என்கிறான். விற்பவனுடைய வஞ்சகத்தைப் பற்றி எச்சரிக்காத நீதிநூல் கிடையாது. வாங்குகிறவனுடைய வஞ்சகம் என்று ஒன்று இருக்கிறதென்பதைப் பெரும்பாலான நூல்கள் மறந்துவிடுகின்றன.

துலாதாரனுக்கு அந்தக் குணம் எப்படி வந்தது என்று கதை சொல்லவில்லை. அரிஸ்டாட்டில் சொல்ல முயன்றார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான், நியாயமான காரியங்களைச் செய்து செய்தே நியாயவானாகிறான் என்பது அவருடைய சித்தாந்தம். உடனே அவரே ஆட்சேபத்தையும் எழுப்பிக்கொண்டார்: முன்னமே நியாயவானாக இராதவன் நியாயமான காரியத்தை எப்படிச் செய்யக்கூடும்? அவருடைய சமாதானத்தைச் சுருக்கிச் சொன்னால், தொடக்கத்தில் செய்கை மட்டும் நியாயமாக இருக்கும், செய்கிறவனுடைய அந்தரங்கம் பின்னால் வந்து சேரும். பெரியவர் சொன்னாரென்று கம்பாரிட்டிவைத் திருத்தி எழுதுகிற பையன் அன்று நீதிமான் அல்லன். ஓரத்துக் கேள்விக்குறிக்குப் பயந்த மாணவன். யாரும் கேள்விக்குறி போடாத ஒரு நாளிலும் அவன் தானாகவே அடிக்குறிப்பைப் படித்தானானால், அப்பியாசம் சுபாவமாக மாறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தச் சித்தாந்தத்தில் எனக்கு ஒரு பெரிய பயமும் உண்டு. அப்பியாசத்துக்குக் கண் கிடையாது. நல்லதைப் போலவே கெட்டதையும் அது சிரத்தையாகக் கற்றுக்கொடுக்கும். எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இன்னாரிடம்தான் வாங்குவது என்று முடிவாகிவிட்டது; ஃபைலுக்கு மூன்று கொட்டேஷன் இருக்கவேண்டும் என்பது விதி; "இன்னும் ரெண்டு கொட்டேஷன் வாங்கிப் போட்டுடு தம்பி" என்று அப்ரண்டிஸிடம் சொல்லுகிறார்கள். அவன் இரண்டு சிறிய பட்டறைகளுக்குப் போன் செய்கிறான். அங்கே ஒருவர், ஆர்டர் வரப்போகிறதென்று நம்பி, இராத்திரி உட்கார்ந்து கச்சா இரும்பு விலையும் கரண்டு செலவும் கூலியும் கணக்குப் போட்டு, ஒரு பைசா இரண்டு பைசாவைக் குறைத்து, மறுநாள் காலையில் அனுப்பி வைக்கிறார். விதி மீறப்படவில்லை, பணம் கைமாறவில்லை, தணிக்கையாளர் வந்து பார்த்தாலும் ஃபைல் நிறைவாகவே இருக்கும். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா, வாங்கும் எண்ணமில்லாதவன் கடைக்காரனிடம் இது என்ன விலை என்று கேட்கவே கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது. விலையில் ஏமாற்றுவது எப்படியோ அப்படியே வார்த்தையாலும் ஒருவனை வஞ்சிக்கலாம் என்பது அந்த ரிஷிகளின் தீர்ப்பு. இதைப் போன்ற நுட்பமான தர்மத்தை எந்த டெண்டர் சட்டத்திலும் நான் கண்டதில்லை. 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசாங்கக் கொள்முதலில் பகிரங்கத்தைக் கட்டாயமாக்கியது மகத்தான காரியம்தான். ஆயினும் கேட்கிறவனுடைய மனத்தில் வாங்கும் எண்ணம் இருந்ததா என்பதைப் பகிரங்கப்படுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

இனி, மிகவும் கடினமான இடத்துக்கு வருகிறேன். ரோமாபுரியில் குவிண்டஸ் ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போனபோது, விற்பவன் சொன்ன விலை குறைவு, நிலத்தின் மதிப்பு அதைவிட அதிகம் என்று தாமே கூறி, ஒரு லட்சம் சேஸ்டர்ஸ் நாணயம் கூட்டிக் கொடுத்தாராம். சிசரோ இதைத் தம் கடமை நூலில் எழுதி, இது நல்லவன் செய்கை என்று எல்லாரும் ஒப்புவார்கள், ஆனால் புத்திசாலியின் செய்கையல்ல என்பார்கள், நன்மையையும் புத்தியையும் இப்படிப் பிரித்ததே கேடு என்று வருந்துகிறார். அகஸ்தீனும் இதே ஜாதி மனிதர் ஒருவரைத் தமக்குத் தெரியும் என்கிறார்; மதிப்புத் தெரியாமல் அற்ப விலை கேட்ட ஒருவனிடம் ஒரு சுவடியை அதன் நியாயமான விலையைக் கொடுத்தே வாங்கிக்கொண்டாராம். இவ்விரண்டும் படிக்க இனிப்பானவை. ஆனால் பர்ச்சேஸ் நாற்காலியில் இருக்கிறவன் இவர்களைப் பின்பற்றினால், கம்பெனியின் பணத்தில் மகானாகிறான். ஸ்கேவோலா கொடுத்தது தம் பணம். பிறர் பணத்தில் தாராளம் காட்டுவதற்கும் பிறர் பணத்தைத் திருடுவதற்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தாலும், சொந்தக்காரனுடைய பெட்டியில் விளைவு ஒன்றுதான்.

அப்படியானால், ஆர்டர் கிடைக்காவிட்டால் உலையை நிறுத்தவேண்டும் என்ற நிலையில், அடக்கத்துக்கும் கீழே விலை போட்டு அனுப்பியிருக்கிற பவுண்டரிக்காரரைப் பார்த்து இவன் என்ன செய்யக்கூடும்? அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் போனை எடுக்கிறார்: "ஏனுங்க, இந்த ரேட்டுல கட்டுபடி ஆகுமுங்களா? இன்னொருக்கா கணக்குப் பாத்துச் சொல்லுங்க." நஷ்டத்தில் ஆர்டர் எடுக்கிறவன் பாதி வழியில் நிறுத்துவான், அல்லது பழைய இரும்பை அதிகமாகக் கலப்பான் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே அது தயையா லௌகிகமா என்று பிரிக்கமுடியாது. பிரிக்கமுடியாதிருப்பதைக் குறையாக நான் கருதவில்லை. ஆனால் அந்தப் பவுண்டரிக்காரர், "பரவாயில்லீங்க, அதே ரேட்டுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் பெரியவருக்கு அதிகாரம் இல்லை. கருணை அவர் கையில் இல்லை. உண்மையும் நியாயமும் மட்டுமே இருக்கின்றன. இல்லாத போட்டியாளன் ஒருவனைக் கற்பித்து, அவன் இன்னும் குறைத்திருக்கிறான் என்று பொய் சொல்லாமல் இருக்கலாம். காந்தியடிகள் செல்வர்களைத் தங்கள் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்கச் சொன்னார். பெருஞ்செல்வர்கள் எத்தனைபேர் அதற்கு இணங்கினார்களோ, தர்மகர்த்தாவின் நிலை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வந்து வாய்த்திருப்பது இந்தச் சம்பளக்காரர்களுக்குத்தான். கோயில் நெல்லைத் தன் இஷ்டத்துக்குத் தானம் செய்கிற தர்மகர்த்தாவை ஊரார் புண்ணியவான் என்று சொல்வதில்லை.

சபலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்கமுடியாது என்றாலும், அது நாம் நினைக்கிற அளவுக்குச் சுவாரசியமானதல்ல. கௌடில்யர் அரசாங்கப் பொருளை அதிகாரிகள் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிவைத்தார். அதே அர்த்தசாஸ்திரம், அமைச்சர்களைப் பொருளாசை முதலியவற்றைக் காட்டி ரகசியமாகப் பரீட்சிக்கும் முறைகளையும் வகுத்துவிட்டு, கெடாதவனைப் பரீட்சையாலேயே கெடுத்துவிடக்கூடாது, அப்படிக் கெட்டவனுக்குப் பிறகு மருந்து கிடைக்காமல் போகலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. அந்த எச்சரிக்கை அப்ரண்டிஸ்கள் விஷயத்தில் பொன்போல் போற்றத்தக்கது. புதியவனைத் தனியே விட்டு, எப்படி நடந்துகொள்கிறான் பார்க்கலாம் என்று வேவு பார்க்கிறவர்கள் உண்டு. அதைவிட, தீபாவளிக்கு முதல்நாள் சப்ளையர் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைப் பெரியவர் எப்படித் திருப்பிக் கொடுக்கிறார், கொண்டுவந்தவன் முகம் வாடாமல் என்ன சொல்லி அனுப்புகிறார் என்பதை அவன் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. மறுத்தலிலும் ஒரு மரியாதை இருக்கிறது. அது எந்த நடத்தை விதித் தொகுப்பிலும் எழுதப்படவில்லை.

ஆனால் லஞ்சத்தை மறுத்துவிட்ட திருப்தியில் தன்னை நேர்மையாளனென்று நினைத்துக்கொண்டு, சிறிய பட்டறைக்காரரின் பில்லை மூன்று மாதம் மேஜையில் போட்டுவைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எந்த ஞானியும் போதுமான அளவு எழுதவில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகு குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாதென்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி கொடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. வட்டி கேட்டு வழக்காடிய பட்டறைக்காரருக்கு அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில், அந்த உரிமையைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் அப்ரண்டிஸுக்கு இல்லை. விலை நிர்ணயிக்கும் அதிகாரமும் இல்லை. பில்களைச் சரிபார்த்துக் கட்டுக்கட்டி அக்கவுண்ட்ஸுக்கு எடுத்துப் போகிற வேலை மட்டும் பெரும்பாலும் அவனுடையதாகவே இருக்கிறது. தினமும் இரண்டு தடவை போன் செய்து நச்சரிக்கிற பெரிய கம்பெனியின் பில்லை அவன் மேலே வைக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு, சரக்கை இறக்கிவிட்டுச் சும்மா போய்விட்டவருடைய பில்லை அதன் தேதிப்படி மேலே வைக்கலாம். எதை வைத்தாலும் ஏனென்று கேட்க அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை.