வேற்றுருவும் பொறுப்பும்: மணிமேகலையின் தெரிவு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மாயக்கதைகளின் இளந்தலைவர்கள் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் வெற்றியைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. தீயவன் வீழ்ந்தால் தலைவன் தேர்ந்த வழியும் சரியென்று கொள்ளப்படுகிறது. அவ்வழியில் இடருற்ற பிறர் மறக்கப்படுகின்றனர். பெங்களூரு அடுகோடி போன்ற பன்மொழிப் பகுதிகளில் வளரும் தமிழ் மாணவர்க்கு இத்தலைவர்கள் ஆங்கில நாவல்கள் வழியாக அறிமுகமாவதுண்டு. அந்நாவல்களிடம் நாம் எழுப்ப வேண்டிய வினாவைச் சாத்தனார் முன்னரே எழுப்பியுள்ளார் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

இரவல் உருவம்

வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசி ஒழித்தல் ஆகிய மூன்று மந்திரங்களைப் பெற்ற இளம்பெண் மணிமேகலை. உதயகுமரனிடமிருந்து விலகக் காயசண்டிகையின் வடிவை ஏற்கிறாள். அரச அதிகாரம் உடையவன் பின்தொடரும்போது ஒரு பெண் தன்னை மறைத்துக்கொள்வது குற்றமாகாது. அவ்வுருவிலேயே அவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கவும் செய்கிறாள். எனினும் அவ்வுருவம் அவளுடையதன்று. தனக்குக் கணவன் உண்டென்பதைக் காயசண்டிகையே அவளிடம் கூறியிருந்தாள். மனைவியைத் தேடிவந்த காஞ்சனன், அவள் உதயகுமரனோடு உரையாடக் கண்டு ஐயுற்று, நள்ளிரவில் அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான்.

இக்கொலைக்குப் பொறுப்பு யாருடையது? உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, உணவு சுமந்து வந்து இடறிய மடையனைக் கொன்ற வினையே காரணம் என்கிறது கந்திற்பாவை. ஆனால் அதே பாவை காஞ்சனனை விடுவிக்கவில்லை. அறியாது செய்த அவ்வினை அவனையும் வந்து சேரும் என்கிறது. ஆகவே, இக்காப்பியத்தில் ஊழ் என்பது பொறுப்பிலிருந்து தப்பும் வழியன்று. அறியாமை காஞ்சனனைக் காக்காதெனில், நல்லெண்ணம் மட்டும் மணிமேகலையை முற்றும் காக்குமா?

ஓர் ஒப்பீடு

2007இல் வெளிவந்த ஆரி பாட்டர் வரிசையின் ஏழாம் நாவலிலும் இத்தகைய சூழல் உண்டு. மந்திர அமைச்சகத்தில் நுழைவதற்காக ரான், அங்குப் பணிபுரியும் ரெக் கேட்டர்மோலின் உருவை ஏற்கிறான். அன்று அந்த ரெக்கின் மனைவி மேரி விசாரணைக்கு நிறுத்தப்படுகிறாள். இளைஞர்கள் அவளை மீட்கின்றனர். அவளோ ரானைக் கணவனென்று எண்ணிப் பற்றிக்கொள்கிறாள். அக்குடும்பம் நாட்டைவிட்டே ஓட நேர்கிறது. அவர்கள் தப்பினரா என்று இளைஞர்கள் பின்னர்க் கவலையுறுகின்றனர். நாவல் அவ்வினாவுக்கு விடை தராமல் தன் தேடலைத் தொடர்கிறது.

சாத்தனாரோ அங்ஙனம் கடந்துசெல்லவில்லை. இறந்தவனின் தாயாகிய அரசமாதேவியின் முன் மணிமேகலையை நிறுத்துகிறார். தேவி மருந்தூட்டி அறிவு மயக்க முயல்கிறாள். கயவன் ஒருவனை ஏவுகிறாள். உணவு மறுத்து வருத்துகிறாள். கயவனிடமிருந்து காத்துக்கொள்ள மணிமேகலை ஆணுருக் கொள்கிறாள். ஆனால் சிறையிலிருந்து தப்பிச்செல்ல மந்திரத்தைப் பயன்படுத்தவில்லை. வான்வழிப் போகவும் வேற்றுருக் கொண்டு நீங்கவும் தான் கருதாமைக்கு, மகனை இழந்தவளின் துயர் களைய விரும்பியதே காரணம் என அவளே தேவியிடம் உரைக்கிறாள். நிகழ்ந்தவை அனைத்தையும் மறைக்காமல் சொல்கிறாள்.

முடிவுரை

குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல. வாளெடுத்த குற்றம் காஞ்சனனுடையது. அதனை மணிமேகலைமேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும், தன் தெரிவு பிறர் வாழ்வில் விளைவித்ததன்முன் நின்று விடைகூறும் பொறுப்பு அவளுக்குண்டு. முன்பு உதயகுமரனிடமிருந்து விலகப் பயன்பட்ட மந்திரம் கைவசமிருந்தும், அவன் தாயைவிட்டு விலக அதனைப் பயன்படுத்தாமையே அவள் அப்பொறுப்பை ஏற்றமைக்குச் சான்று. இளந்தலைவர் ஒருவரின் தெரிவை மதிப்பிடுங்கால், அவர் வென்றாரா என்பதனோடு, அவரால் இடருற்றோர்முன் நின்றாரா என்பதும் வினவப்பட வேண்டும்.