பிறர் குதிரை மெலிந்தால் நமக்கென்ன?

வணிகம் செய்வோரிடத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்தவர் கல்லாவை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்தவர் சரக்கைப் பற்றிக் குறை சொல்வதில்லை. கேளாதவருக்கு யோசனை கூறுவதில்லை. ஒரே தெருவில் பத்துக் கடைகள் பல்லாண்டு காலம் பகையின்றி நடப்பதற்கு இந்த அடக்கமே காரணம். ஆயினும், இக்குணம் எல்லா இடத்திலும் நற்குணமாகவே நிற்குமா என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

ஒருவருடைய குதிரைகள் வேலிக்குள் நிற்கின்றன. விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகின்றன. தொட்டியில் தண்ணீர் இருப்பதாகத் தோன்றவில்லை. நாம் அவ்வழியே போகிறோம். குதிரை நம்முடையதன்று, நிலமும் நம்முடையதன்று. நமது கடமை யாது?

இதற்கு இருவகையான விடைகள் கூறுவர். "அவர் பொருள், அவர் பாடு, நாம் யார் கேட்பதற்கு?" என்பார் ஒரு சாரார். "வாயில்லா ஜீவன் வாடுகிறது, வேலியைத் திறந்து விடு, தீனியைப் போடு, ஊரெல்லாம் சொல்லு" என்பார் மற்றொரு சாரார். முன்னவருக்கு முயற்சி வேண்டியதில்லை. பின்னவருக்கு யோசனை வேண்டியதில்லை. இரண்டும் எளிய வழிகள். ஆகவேதான் இரண்டையும் நாம் ஐயுற வேண்டும்.

இவ்விஷயத்தில் நமது சொந்தக் கடற்கரையின் சரித்திரமே ஒரு பாடம் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்துப் பயணி, காயல் துறைமுகத்தில் ஹொர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவார் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் அவர் கூறுகிறார். காரணம், குதிரையைப் பேணும் வகை அந்நாட்டவர்க்குத் தெரியாமையும், குதிரை வைத்தியம் அறிந்தவர் இல்லாமையுமாம். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குக் கொடுத்தனர் என்றும் எழுதுகிறார்.

பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாஃபும் இதனை ஒட்டியே எழுதியுள்ளார். கீஸ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலையென்றும் ஒப்பந்தம் இருந்ததாம். வாசகர்கள் மனக்கணக்கிலேயே பெருக்கிப் பார்ப்பார்கள்: ஆண்டொன்றுக்கு 3,08,000 தினார்! குதிரைகள் விரைவில் வலியிழந்து மாண்டமையால், ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

மார்க்கோ போலோ இன்னொரு செய்தியையும் கூறுகிறார். குதிரை கொண்டுவரும் வணிகர்கள் தம்முடன் குதிரை வைத்தியரை அழைத்து வருவதில்லையாம். வேறு எவரும் அங்கே போகாதவாறும் தடுத்தார்களாம். குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் குறையுமல்லவா?

இது ஒரு பயணியின் கூற்று. தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் அரபுக் குதிரைக்கு ஒவ்வாதவை என்பதும் உண்மை. குற்றம் சாட்டப்பட்ட அவ்வணிகர்களின் மறுமொழி நமக்குக் கிட்டவில்லை. ஆகவே அவர்கள்மீது தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆனால் அக்கூற்றில் அடங்கியுள்ள வினா நம்மை விடுவதாயில்லை. விற்ற குதிரை வாங்கியவருடையது. விலை நேர்மையானது. எடையில் பொய்யில்லை, பேச்சில் பொய்யில்லை. எனினும், அது எதனால் சாகிறது என்று அறிந்தவன் வாய்மூடி இருந்து, அந்தச் சாவினால் லாபம் பெறுவானாயின், அவன் வெறும் பார்வையாளன்தானா? அந்த அலட்சியத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம். அவர் பொருள், அவர் பாடு என்னும் சொல் இங்கே நியாயமாக நிற்கவில்லை; கல்லாவுக்குக் காவலாக நிற்கிறது.

பிராணியைச் சொந்தமாக்கிக் கொண்டவனுக்கு அது வெறும் உடைமையன்று, அமானத்துமாகும். அமானத்து கெடுவதைக் கண்டவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நுழைந்தபோது, ஒட்டகம் ஒன்று அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்த வரலாறு அபூதாவூது தொகுப்பில் உள்ளது. நம்மில் பெரும்பாலோர் கேட்டிருப்பர். அதில் செயலின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அதனருகில் சென்று தடவி அமைதிப்படுத்தினார்கள். அடுத்து, அதன் சொந்தக்காரர் யாரென்று விசாரித்தார்கள். அந்த இளைஞர் முன்வந்ததும், அதனைப் பட்டினி போடுவதையும் அதிகமாக வேலை வாங்குவதையும் அவரிடமே எடுத்துரைத்து, அல்லாஹ்வுக்கு அஞ்சுமாறு கூறினார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துக் கொண்டு போகவில்லை. கண்டும் காணாதவர்போல் அகலவுமில்லை.

இந்த வரிசையே நமக்கு வழிகாட்டியாகும். அருகில் சென்று பார்ப்பதே முதற்படி. ஏனெனில், குதிரை விஷயத்தில் கண் எளிதில் ஏமாறும். வயது இருபதைத் தாண்டிய குதிரைக்குப் பற்கள் தேய்ந்து, நல்ல தீனி தின்றும் உடல் ஒட்டாதிருக்கலாம். முகத்தில் துணி கட்டியிருப்பதைக் கண்டு, கண்ணைக் கட்டிக் கொடுமை செய்கிறார்கள் என்பர். அது ஈ மொய்க்காதிருக்க அணிவிக்கும் வலை, அதனூடே குதிரைக்குப் பார்வை உண்டு. புல் இல்லாத வெற்றுத் தரையில் ஒரு குதிரையைத் தனியே நிறுத்தியிருப்பதும் கொடுமையாகத் தோன்றும். குளம்பினுள் வீக்கம் காணும் நோய் ஒன்றுண்டு. செழித்த புல் அதனை முற்றச் செய்யும். ஆகவே வைத்தியர் சொல்லியே அவ்வாறு நிறுத்தியிருக்கலாம். வெயிலில் நீட்டிப் படுத்திருக்கும் குதிரை செத்ததன்று, உறங்குகிறது.

மெய்யான அலட்சியத்துக்கும் அடையாளங்கள் உண்டு. குளம்பு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செப்பனிடப்பட வேண்டியது. அது நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தால் மாதக்கணக்கில் எவரும் கவனிக்கவில்லை என்று பொருள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். காய்ந்து பாசி உதிரும் தொட்டி தானே சாட்சி சொல்லும். ஈ மொய்க்கும் புண், தோலை அறுக்கும் கயிறு, நொண்டும் கால், விலாவோடு இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தி நிற்கும் உடல் ஆகியவற்றைக் கண்டால் ஐயத்துக்கு இடமில்லை. ஒருநாள் கண்டதோடு நில்லாமல், மறுநாளும் வேறொரு நேரத்தில் போய்ப் பார்ப்பது முறை. ஆனால் விழுந்து எழ முடியாமல் கிடக்கும் பிராணிக்கு மறுநாள் என்பது இல்லை. அதற்கு அந்நேரமே ஆளழைக்க வேண்டும்.

இரண்டாம் படி, உடையவரைக் கண்டு பேசுவது. இங்கேதான் நம்மவர் பெரிதும் தவறுகிறோம். தேநீர்க்கடையில் பத்துப் பேரிடம் சொல்வோம். உரியவரிடம் சொல்ல மாட்டோம். இது புறம் பேசிய பாவத்தைத் தருமேயன்றிக் குதிரைக்கு ஒரு பிடி புல்லைத் தராது. உடையவர் நோயில் படுத்திருக்கலாம். தொழில் நொடித்துத் தீனிக்குக் கடன் கேட்க வெட்கப்பட்டிருக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையாள் ஏமாற்றியிருக்கலாம். ஆகவே, "உங்கள் குதிரை மெலிந்திருக்கிறதே, ஏதும் உதவி வேண்டுமா?" என்று கேட்பது, "ஏன் பட்டினி போடுகிறீர்?" என்று கேட்பதைவிட விரைவில் பயன் தரும். உண்மையில் வறுமைதான் காரணமென்றால், சில மூட்டைத் தீனியும் ஒரு முறை வைத்தியர் செலவும் ஏற்றுக்கொள்வது, நமது சமூகத்து வர்த்தகர் இருவர் சேர்ந்தால் முடியாத காரியமன்று.

ஆனால் உடையவரைக் கேளாமல் வேலிக்கு மேலாகத் தீனி போடுவது கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாதது வயிற்றில் சென்றால் சூலை கண்டு உயிர் போகும். நீண்ட நாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியத்தை நிறையக் கொடுப்பதும் ஆபத்து. சிறுகச் சிறுகத்தான் தேற்ற வேண்டும். கதவைத் திறந்து விட்டாலோ சாலையில் ஓடிக் குதிரையும் மடியும், மனிதரும் மடிவர். அறிவில்லாத இரக்கம் அலட்சியத்தைப்போலவே கொல்லும். பாண்டிய நாட்டில் சோறும் இறைச்சியும் ஊட்டியவர்களும் குதிரையை வெறுத்தா ஊட்டினார்கள்?

சொல்லியும் பயனில்லையெனில் மூன்றாம் படி, அதிகாரிகளிடம் தெரிவிப்பது. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் இருக்கிறது. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடந்தருகிறது. கால்நடைச் சேவை இலாகாவிடம் புகார் செய்யலாம். சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு முடிவுற்றது. எனினும் குதிரையேற்றப் பள்ளிகள் உள்ளன. அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடைச் சேவைப் பிரிவு இவற்றைக் கவனிக்கிறது. புகார் செய்வோர் நாள், நேரம், இடம், கண்ட காட்சி ஆகியவற்றைக் குறித்துக் கொடுக்க வேண்டும். கண்டதைச் சொல்லலாம், ஊகித்ததைச் சேர்க்கலாகாது. இது காட்டிக் கொடுத்தல் ஆகாது. வாயில்லாததன் சார்பில் சாட்சி சொல்வதாகும்.

நம்மில் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆயினும் தீவனம் விற்போர் உண்டு, நிலம் வாடகைக்கு விடுவோர் உண்டு, வண்டி அனுப்புவோர் உண்டு. வாடிக்கையாளர் தீனி வாங்குவதைச் சட்டென்று நிறுத்திவிட்டால், பாக்கி எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டுகிறோம். அவர் லாயத்தில் நிற்கும் ஜீவன்கள் இன்று எதைத் தின்னும் என்றும் அதே வேளையில் கேட்போமாக. பிறர் பொருளைத் தொடாதிருப்பது நேர்மை. பிறர் பொருள் உயிருள்ளதாய் இருந்து வாடும்போது, உரியவரிடம் சென்று ஒரு வார்த்தை சொல்வதும் அந்த நேர்மையைச் சேர்ந்ததே.