காற்று யாருக்குச் சொந்தம்?

புத்தளம் மாவட்டத்து முந்தல் களப்பைப் போன்ற ஆழமற்ற நீரில், சிறு தோணிக்குப் பாய் கட்டுவது பெரிய வித்தையன்று. நடுவதற்கு ஒரு கம்பு, பழைய சாக்குகளை இணைத்துத் தைத்த ஒரு விரிப்பு, அதன் மூலையை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு: இவ்வளவே. துடுப்பே சுக்கானாகிவிடும். பாய் சிறிதாகவும் தாழ்வாகவும் இருத்தல் வேண்டும். உயர்ந்தால் தோணி கவிழும். பின்காற்றில் தோணி தானே ஓடும். எதிர்க்காற்றிலோ, பக்கவாட்டில் நீருக்குள் பலகை இறக்கி வளைந்து வளைந்து ஏறவேண்டும்; இல்லையேல் துடுப்பே கதி.

இந்த எளிய கருவி நம்முன் ஓர் அறக் கேள்வியை வைக்கிறது. உழைப்பாளி பாய்க்குத் திரும்புவது விடுதலையா, பின்னடைவா?

2022 ஆகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய மீனவனுக்கு அன்று ஓர் உண்மை புலனாயிற்று: இயந்திரம் அவனுடையது, அதை இயக்கும் உரிமை வேறெவர் கையிலோ இருக்கிறது.

“காற்று இலவசமாயிற்றே, பழமைக்குத் திரும்பலாமே” என்பார் உளர். இவ்வாறு எளிமையைப் போற்றுவோர் பெரும்பாலும் துடுப்புப் பிடித்துக் கை காய்க்காதவர். இயந்திரம் தோள்வலியைக் குறைத்தது. வானம் கறுக்கும் முன் கரை சேர்த்தது. அதை இழந்தவனிடம் இழப்பையே அறமெனப் போதிப்பது, விலையை ஏற்றியவர்களுக்குச் செய்யும் தொண்டன்றி வேறென்ன?

அதற்காகப் பாயை இழிவென ஒதுக்கவும் நாம் உடன்படோம். கற்பிட்டித் தீபகற்பத்தின் காற்று மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தந்தது. பட்டம் பிடித்து அலைமேல் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டாரையும் அக்காற்றே இழுத்துச் செல்கிறது. மூலதனத்தின் கோபுரத்தில் சுழன்றால் முன்னேற்றம், மீனவனின் சாக்குப் பாயில் நிறைந்தால் பிற்போக்கு என்பது எந்த நியாயம்?

ஆகவே, கருவியின் வயதைக் கொண்டு முன்னேற்றத்தை அளத்தல் பிழை. நியாய விலையில் எண்ணெய் கிடைக்கும் நாளிலும் ஒருவன் விரும்பிப் பாயை விரிப்பானாயின், அது சுதந்திரம். வேறு வழியின்றி விரித்தால், அதே பாய் வறுமையின் சின்னம். பாய் கட்டும் அறிவு மீனவன் கையில் என்றும் இருக்கட்டும். அந்த அறிவைக் காட்டி அவனுக்குரிய எண்ணெயை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.