திரும்பி வருவதில் வெட்கம் உண்டா?



நம்முடைய சபைகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கடினமான வார்த்தை எது? "அவர் பின்வாங்கிப் போனார்" என்பதுதான். பொய் சொன்னவனுக்கு மன்னிப்பு உண்டு, குடித்தவனுக்காக உபவாச ஜெபம் உண்டு. பின்வாங்கினான் என்று ஒருதரம் பெயர் விழுந்துவிட்டாலோ, அந்த மனுஷன் கடைசி வாங்கிலே வந்து உட்காரவும் கூசுகிறான். அதனால் நம்மில் அநேகர் ஒரு காரியத்தில் காலை வைத்துவிட்டால், பாதை சரியில்லை என்று தெரிந்த பின்பும் காலை எடுப்பதில்லை. விசுவாசத்தில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறோம்.

தொடர்ந்து நடப்பதெல்லாம் விசுவாசமா? திரும்புவதெல்லாம் பின்வாங்குதலா? நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிற "மனந்திரும்புதல்" என்ற வார்த்தைக்குள்ளேயே திரும்புதல் இருக்கிறதே! இந்தக் கேள்வியை எனக்குள் போட்ட இடம் ஒரு வேதாகமக் கல்லூரி இல்லை. நோர்வேயின் வட கோடியில், பின்மார்க் மாகாணத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ ஃபொல்க்கஹொய்ஸ்கூல்.

அது என்ன பள்ளிக்கூடம் என்று சிலர் கேட்கலாம். குருண்ட்விக் என்ற டென்மார்க் தேசத்துப் போதகரின் எண்ணத்தில் பிறந்தது அது. முதல் பள்ளி 1844-ல் டென்மார்க்கின் ரோடிங்கில் தொடங்கியது. நோர்வேயில் 1864-ல் ஹாமார் பட்டணத்தில் ஆரம்பித்தார்கள். பரீட்சை கிடையாது, புள்ளி கிடையாது. ஒரு வருஷம் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் தங்கி, ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய்க் கழுவி, ஒன்றாய்ப் படிப்பது. 1980-களில் நம்முடைய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு நோர்வேயின் கதவைத் திறந்தது இந்தப் பள்ளிகளே. நானும் அப்படி 1987-ல் வந்து சேர்ந்தவன். காலையில் ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபம். அதன்பின் பனியிலும் மலையிலும் பயிற்சி. அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை எழும்பாது. மத்தியானத்தில் ஒரு நீல வெளிச்சம் மட்டும் வந்து போகும். அந்த மாகாணத்துக் காரசோக்கில்தான் 1886 ஜனவரி 1-ம் தேதி மைனஸ் 51.4 பாகை குளிர் பதிவானது. நோர்வேயில் அதற்குமேல் குளிர் இதுவரை பதிவாகவில்லை.

வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்கு எல்லாமே புதிது. உடம்போடு ஒட்டிக் கம்பளி உடுக்க வேண்டும், பருத்தி கூடாது என்றார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் நின்றவுடன் உடம்பை விறைக்கப்பண்ணும். பனியைக் குடைந்து உள்ளே படுக்கும்போது, படுக்கிற மேடை வாசலைவிட உயரமாயிருக்க வேண்டும். குளிர்காற்று பாரமானது, அது கீழே இறங்கிவிடும். மேலே மூச்சுக்காற்றுக்கு ஒரு துளை வேண்டும். மைனஸ் 10 பாகையில், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். இதையெல்லாம் காலைத் தியானம் முடிந்த கையோடு கற்பித்தார்கள். ஜெபிக்கிறவனுக்குத் திசைகாட்டி எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நோர்வே ஜனங்களுக்கு மலைக்குப் போவதற்கென்று ஒன்பது கட்டளைகள் உண்டு. 1967-ம் வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் மாண்டார்கள். அதற்குப்பின் மலையேறுவோர் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் அந்தக் கட்டளைகளை நாடெங்கும் பரப்பின. 2016-ல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். எட்டாவது கட்டளை மட்டும் பிள்ளைகள் வாயிலும் இருக்கிறது. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பதே அதன் கருத்து. ஒரு தேசம் இதைக் கட்டளையாகவே எழுதிவைக்க வேண்டியிருந்தது ஏன்? மனுஷனுக்குத் திரும்புவது வெட்கமாய் இருக்கிறது என்பதனால்தானே?

1988 மார்ச்சில் ஒருநாள் ஸ்கீ போட்டு ஒரு மலைக்குப் போனோம். முந்தின இரவே சமையற்கட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, "மத்தியானம் ஒரு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்புவோம்" என்று முடிவெடுத்திருந்தோம். ஒரு மணிக்கு உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மேற்கே வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. எங்கள் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பச் சொன்னார். என்னோடு வந்த நம்முடைய தம்பி ஒருவர், "அண்ணை, இவ்வளவு தூரம் வந்திட்டம். இன்னும் கொஞ்சம்தானே! ஒருக்கா சொல்லிப் பாருங்கோவன்" என்று என் கையைப் பிடித்தார். நான் கேட்டேன். ஆசிரியர் கோபப்படவில்லை. "நேற்று இரவு நமக்குச் சூடும் இருந்தது, புத்தியும் இருந்தது. இப்போது குளிரும் ஆசையும்தான் இருக்கிறது. நேற்றைய நம்மை நம்புவோம்" என்றார். நாங்கள் இறங்கி வர வர, பின்னாலே அந்த மலை முழுவதும் பனிமூட்டத்தில் மறைந்துபோயிற்று.

அந்த வார்த்தையை நான் வேதத்தோடு வைத்துப் பார்த்தேன். காதேசிலே இஸ்ரவேலர் செய்ததும் ஒரு மலை ஏற்றம்தான். கர்த்தர் போகச் சொன்னபோது பயந்து நின்றார்கள். போகவேண்டாம் என்ற பிறகு, வெட்கத்தினால் துணிந்து மலையுச்சிக்கு ஏறினார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்திலேயே இருந்தார்கள். முடிவு முறியடிப்பு (எண்ணாகமம் 14:40-45). அவர்கள் ஏறினபோது பார்த்தவர்களுக்கு அது விசுவாசமாகவே தெரிந்திருக்கும். தைரியம் இருந்தது, வேகம் இருந்தது, பாவத்தை அறிக்கையிட்ட வார்த்தையும் இருந்தது. தேவன் மட்டும் கூட வரவில்லை.

"அப்படியானால் கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தகுதியுள்ளவனல்ல என்று ஆண்டவர் சொன்னது என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள் (லூக்கா 9:62). நியாயமான கேள்வி. இதை லேசாய்த் தட்டிவிட முடியாது. ஆனால் அந்தக் கலப்பை யாருடையது? ஆண்டவர், என்னைப் பின்பற்றி வா என்று அழைத்த அழைப்பு அது. அதில் திரும்புகிறவன் அவரைவிட்டே திரும்புகிறான். அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபரும் திரும்பவில்லை (தானியேல் 3). அங்கே திரும்புவதென்றால் சிலைக்கு முன் விழவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் உயிர் போனாலும் திரும்பக்கூடாது. நானே வரைந்த திட்டமோ வேறு. நான் குறித்த தேதி, என் வாய் அவசரப்பட்டுச் சொன்ன அறிக்கை, இவற்றையெல்லாம் அவருடைய கலப்பை என்று நான் பெயர் மாற்றக்கூடாது.

இன்னொரு வசனமும் தடையாக நிற்கும். ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்கிறது 15-ம் சங்கீதம். இதை யெப்தாவின் கதையோடு சேர்த்து வாசியுங்கள் (நியாயாதிபதிகள் 11). அவனும் வாயைத் திறந்து பொருத்தனை பண்ணினான், பின்பு மாற்றமாட்டேன் என்றான். அவன் வார்த்தைக்கு விலை கொடுத்தது யார்? அவனுடைய ஒரே மகள். சங்கீதக்காரன் சொன்ன நஷ்டம் "தனக்கு" வருகிற நஷ்டம். என் வாக்கைக் காப்பாற்ற நான் நஷ்டப்பட்டால் அது உண்மை. என் வாக்கைக் காப்பாற்ற என் மகள் நஷ்டப்பட்டால், அதற்குப் பெயர் என்ன? மலையிலும் அப்படியே. முன்னால் போகிறவன் பலசாலி, அவன் தப்பிக்கொள்வான். அவனுடைய பிடிவாதத்துக்கு முதலில் விறைப்பது கடைசியில் வருகிறவனுடைய விரல்கள்.

வடதுருவச் சரித்திரத்தில் இரண்டு பேரைப் பாருங்கள். சுவீடன் தேசத்து ஆந்திரே பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்டார். அரசரும் ஆல்பிரட் நோபலும் பணம் கொடுத்தார்கள், ஊரெல்லாம் கைதட்டியது. 1896-ல் காற்று சரியில்லாமல் ஒருதரம் திரும்பினார். பலூனில் வாயு கசிகிறது என்று கூட இருந்த எக்ஹோல்ம் எச்சரித்து விலகிக்கொண்டார். 1897 ஜூலை 11-ம் தேதி ஆந்திரே வேறு இரண்டு வாலிபரோடு புறப்பட்டே போனார். மூன்று நாட்களுக்குள் பலூன் பனியில் இறங்கியது. மூவருடைய உடல்களும் 33 வருஷம் கழித்து, 1930-ல் ஒரு தீவிலே கண்டெடுக்கப்பட்டன. இரண்டாந்தரமும் வெறுங்கையாய்த் திரும்பி அத்தனை பேர் முகத்தில் விழிப்பது எவ்வளவு கடினமாயிருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மற்றவர் நோர்வேயின் நான்சன். அவர் விசுவாசி என்று பெயர் எடுத்தவர் அல்ல. ஆனாலும் இந்தக் காரியத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ஸ்கீயிலும் நாய்வண்டியிலும் வடதுருவத்தை நோக்கிப் போனவர், 1895 ஏப்ரல் 8-ம் தேதி 86 பாகை 14 கலை என்ற இடத்தில் நின்றார். அதுவரை ஒரு மனுஷனும் அவ்வளவு வடக்கே போனதில்லை. முன்னால் பனிப்பாளங்கள் மலைமலையாய்க் குவிந்திருந்தன. தம் தோழனோடு திரும்பினார். ஒரு குளிர்காலம் முழுவதும் கற்குடிசையில் ஒதுங்கியிருந்து, 1896 ஆகஸ்டில் பின்மார்க்கின் வார்டோ துறையில் உயிரோடு வந்து இறங்கினார். வடதுருவத்தை அவர் ஒருநாளும் மிதிக்கவில்லை. ஆனால் 1921-ல் சர்வதேச சங்கம் அவரை அகதிகளுக்கு ஆணையாளராக வைத்தது. நாடற்றவர்களுக்கு அவர் பெயராலேயே ஒரு பாஸ்போர்ட் உண்டாயிற்று. 1922-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அகதியாய் வாழ்ந்த எனக்கு இது சின்னக் காரியமல்ல. அன்று அவர் துருவமே பெரிது என்று போய் மாண்டிருந்தால், லட்சக்கணக்கான அகதிகளுக்கு அந்தக் காகிதம் யார் கையால் கிடைத்திருக்கும்?

இதைக் கேட்டுச் சோம்பேறி சந்தோஷப்படுவான். "சரி, இனி எல்லாவற்றிலும் திரும்பிவிடலாம்" என்பான். அப்படியல்ல. எங்கள் பள்ளியில், மேகத்தைப் பார்த்தவுடன் வீட்டிலேயே இருந்துவிடுகிறவனை ஒருவரும் ஞானி என்று சொல்லவில்லை. நாங்கள் திரும்பின அதே மலைக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம், ஏறினோம். அந்தத் தம்பிதான் முதலில் உச்சியில் நின்றார். பிழைத்துத் திரும்புகிறவனுக்கு இன்னொரு நாள் உண்டு. சோம்பேறியோ அந்த இன்னொரு நாளிலும் படுத்திருப்பான்.

ஆகவே என்னை நானே சோதிக்க மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இதைச் செய்யச் சொன்னவர் ஆண்டவரா, என் வாயா? நான் தொடர்ந்தால் விலை கொடுப்பது நானா, என் வீட்டிலுள்ள பெலவீனரா? ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவருக்கும் தெரியாது என்றால், அப்போதும் தொடர்ந்து போவேனா? மூன்றாவது கேள்வியில் அநேக விசுவாச அறிக்கைகள் உதிர்ந்துபோகின்றன.

பிரியமானவர்களே, இது மலைக்காரருக்கு மட்டும் உரிய காரியம் அல்ல. ஒரு சகோதரி சுகமானேன் என்று சபையில் சாட்சி சொன்னார், பிரஷர் குளிசையை நிறுத்தினார். மறுபடியும் தலைசுற்றல் வந்தது. வைத்தியரிடம் போக அவருக்குப் பயமில்லை, நம்மிடம்தான் பயம். "இனி குளிசை போட்டால், விசுவாசம் இல்லை எண்டு சொல்லுவினம்" என்று என் மனைவியிடம் இரகசியமாய் அழுதார். கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சகோதரியைக் குளிசை போடவிடாமல் தடுத்தது கர்த்தரல்ல, நம்முடைய கண்கள். இப்படியே கடன்மேல் கடன் வாங்கி ஊழியக் கட்டடம் எழுப்புகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளையைப் பற்றித் தெரியவந்த பிறகும், ஓலை அடித்தாயிற்றே என்று கல்யாணத்தை நடத்துகிற பெற்றோரும் உண்டு. எல்லாரும் உச்சியைப் பார்த்து நடக்கிறார்கள். கடைசியில் வருகிறவனின் விரல்களை ஒருவரும் பார்ப்பதில்லை.

அன்று நாங்கள் மலையிலிருந்து நேரத்தோடு திரும்பியபோது, சமையற்கட்டில் சூப் சூடாய் இருந்தது. கதவைத் திறந்த சமையல்கார அம்மா, "உச்சிக்குப் போனீர்களா?" என்று கேட்கவில்லை. "எல்லாரும் வந்துவிட்டீர்களா?" என்று எண்ணினார். அவ்வளவுதான். நம்முடைய சபை வாசலில் எந்தக் கேள்வி நிற்கிறது? தூர தேசத்திலிருந்து வந்த மகனிடம் தகப்பன் கணக்குக் கேட்கவில்லையே! திரும்பி வருகிறவனுக்கு வழி லேசாயிருந்தால், ஆபத்தில் இருப்பவன் நேரத்தோடு திரும்புவான். வழியில் நாம் வரிசையாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அவன் பனிமூட்டத்துக்குள்ளேயே நடந்துபோவான்.

இதை வாசிக்கிற தேவபிள்ளையே, நீ காலை வைத்துவிட்ட ஒரு காரியம் இன்று உன் மனதை அரிக்கிறதா? முழங்காலில் நின்று அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப்பார். ஆண்டவருடைய கலப்பையானால், அழுதுகொண்டாகிலும் உழு, அவர் பெலன் தருவார். உன் சொந்த மலையானால், ஒரு மணி ஆகிவிட்டது, திரும்பு. போகச் சொல்லவும் நிற்கச் சொல்லவும் திரும்பச் சொல்லவும் அவருக்கே அதிகாரம் உண்டு. அவர் சத்தத்தைக் கேட்கிற செவியையும், கேட்டபடி செய்கிற தாழ்மையையும், திரும்பி வருகிறவர்களை அணைக்கிற இருதயத்தையும் கர்த்தர் நம் சபைக்குத் தந்தருள்வாராக. ஆமென்.