மீனும் வலக்கடியனும்

வடசென்னையில், எண்ணூரின் நெட்டுக்குப்பத்துக் கரையில் வலை பிரிக்கும்போது சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். கொசஸ்தலையாறு கடலில் விழும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில் மடவை, இறால், நண்டு எல்லாம் உண்டு. கூடவே கடல்பாம்பும் உண்டு. மீனைத் துரத்தி வந்து வலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு பாம்புக்கு வலக்கடியன் என்று பெயர். நல்ல பாம்பைவிடக் கடுமையான விஷம். ஆங்கிலப் பாம்பு நூல்களில்கூட இந்தத் தமிழ்ப் பெயர் ஏறியிருக்கிறது. அதனால் முதலில் அப்பாவின் கைதான் வலைக்குள் போகும். பாம்பு இருந்தால் வாலைப் பிடித்து எட்ட வீசுவார். அதன் பிறகுதான் பையனை "வாடா" என்று கூப்பிடுவார்.

இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கிற கேள்விக்கு உரை எழுதித் தரவேண்டியதில்லை. பிள்ளை மீன் கேட்டால் எந்தத் தகப்பன் பாம்பை எடுத்துக் கொடுப்பான் என்பது கேள்வி. மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் நடுவே புழங்கிய பேச்சு அது. கேள்விக்கு அடுத்து வருவதைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கேட்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் பொல்லாதவர்கள்தான், ஆனாலும் உங்கள் பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுக்கத் தெரிந்திருக்கிறதே என்கிறார். கடவுளைத் தந்தை என்று சொல்ல அவர் உத்தமமான தகப்பன் ஒருவனைத் தேடிப் போகவில்லை. குறையுள்ள தகப்பனே பாம்பை வீசிவிட்டு மீனைக் கொடுக்கிறான் என்றால் கடவுள் எவ்வளவு செய்வார் என்பதுதான் வாதம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவிடம் வளர்ந்த பிள்ளைக்குத் தந்தை என்ற சொல்லே கசக்கும். அந்தப் பிள்ளையிடம் 'கடவுள் உன் அப்பாவைப் போல' என்று சொல்வது கொடுமை. இயேசு அப்படிச் சொல்லவில்லை.

கடவுளைத் தந்தை என்னும் இந்தப் பேச்சு தமிழுக்கு வந்த வழியிலும் மீனவர்கள் இருக்கிறார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, பரதவர் ஊர்களில் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு பழைய புராட்டஸ்டன்ட் பெயர்ப்புகளில் 'பிதா' நிலைத்தது; 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'தந்தை' என்றது. இரண்டுமே கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டை மாதிரி. வீட்டில் யாரும் அப்பனைப் பிதாவே என்று கூப்பிடுவதில்லை. வடசென்னையில் நைனா என்றுகூடக் கூப்பிடுவார்கள்.

ஆனால் இயேசு கூப்பிட்டது வீட்டுச் சொல்லால். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதற்குள் 'அப்பா' என்ற அரமேயச் சொல் மூன்றே இடங்களில் பெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது: மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. அரமேய அப்பாவும் நம் அப்பாவும் காதுக்கு ஒன்றாகப்படுவது தற்செயல்தான். உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனாலும் அது நமக்கு ஒரு வசதி. மேற்கே இந்தச் சொல்லை வைத்து ஒரு சண்டையே நடந்திருக்கிறது. யோவாக்கிம் யெரேமியாஸ் என்ற ஜெர்மன் அறிஞரின் ஆய்வை ஒட்டி, அது மழலை பேசும் குழந்தையின் 'டாடி' என்று பலர் பிரசங்கம் செய்தார்கள். இல்லை, வளர்ந்தவர்களும் புழங்கிய சொல் என்று 1988இல் ஜேம்ஸ் பார் மறுத்து எழுதினார். தமிழனுக்கு இதில் சண்டை போட என்ன இருக்கிறது? மூன்று வயதுப் பிள்ளையும் அப்பா என்கிறது. அறுபது வயது மகனும், படுத்துக் கிடக்கிற கிழவரின் காதருகே குனிந்து அப்பா என்கிறான். செல்லமும் மரியாதையும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன.

மாற்கு அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நோய் தீர்ந்தபோதோ அப்பம் பெருகியபோதோ அல்ல. கெத்சமனேயில், பிடிபடுவதற்குச் சற்று முன்பு, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்கும்போது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் 'அப்பா' என்ற அந்தச் சொல் வருவது அங்கே மட்டும்தான். கேட்டது கிடைக்கவில்லை. மீன் கொடுக்கிற தகப்பனைப் பற்றிச் சொன்னவரே கையேந்தி வெறுங்கையோடு எழுந்து போனார்; மறுபடி வந்து கேட்டபோதும் கூப்பிட்ட பெயரை மாற்றவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை தந்தை என்ற சொல்லுக்குக் கொடுக்கும் கனம் இங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குப் படுகிறது. கேட்டதெல்லாம் தட்டாமல் தருகிறவர் என்பது அதில் சின்னப் பகுதி. தராதபோதும் போய் நிற்க வேறு வாசல் இல்லை என்பது பெரிய பகுதி.

இதை எண்ணூரில் உட்கார்ந்து சொல்வது லேசல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கிக் கொசஸ்தலையாற்றுக்குள் வந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. மீன் கேட்டவர்களுக்குக் கிடைத்தது இது. உடனே இதைக் கடவுளின் சோதனை என்று சொல்லும் உபதேசியார்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. எண்ணெயை அப்பாவின் கணக்கில் எழுதினால், அதைக் கசியவிட்ட ஆலையின் கணக்கு சுத்தமாகிவிடும்.

இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் 'என் தந்தை' கிடையாது, 'எங்கள் தந்தை'. தமிழ் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பேச்சைக் கேட்கிறவரையும் சேர்த்தால் 'நம்', கேட்கிறவரை விட்டுவிட்டால் 'எங்கள்'. இங்கே கேட்கிறவர் கடவுள். அவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் வெளியே நிறுத்த அந்தச் சொல்லில் இடமில்லை. அம்மன் கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே. அந்த ஆலையின் மேலாளரும் உள்ளே. உள்ளே இருக்கிறவரிடம் உன் சகோதரன் எங்கே என்று கேட்கலாம். ஆதியாகமத்தில் காயீனிடம் கடவுளே கேட்ட கேள்விதான் அது.

லூக்காவில் மீன் கேள்விக்குச் சில வரிகள் முன்னால் ஒரு கதை இருக்கிறது. நடுச்சாமத்தில் ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பிள்ளைகள் படுத்துவிட்டார்கள், தொந்தரவு செய்யாதே என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. அவன் வெட்கப்படாமல் தட்டிக்கொண்டே இருக்கிறான், அப்பம் வரும்வரை. எண்ணெய் வந்த அதே டிசம்பரில், 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும்போது, எண்ணூர் பெரியகுப்பத்தருகே ஓர் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சு முட்ட, ஜனங்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். விடிந்ததும் திரும்பி வந்தார்கள். அந்த ஆலையைத் திறக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.