‘ஆமாங்க’ன்னு சொல்லிட்டா போதுமா?

ராசிபுரத்திலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணினார். கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர். மழை உண்டா, முட்டை விலை எப்படி என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்பார். அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

‘‘தம்பி, நீ பத்திரிகையில இருக்கறவன். ஒருத்தன் மேல கோர்ட்ல கேஸ் இருக்குதா இல்லையான்னு எப்பிடிப் பாக்கறது?’’

‘‘என்ன கேஸுங்ணா?’’

‘‘குடிச்சுப்போட்டு வண்டி ஓட்டுன கேஸு. நம்ம பாப்பாவுக்கு வந்திருக்கற மாப்பிள்ளை மேல. தரகர் வாயே தொறக்கலை. டீக்கடையில ஒருத்தன் சொன்னான்.’’

பையன் வீடு நாமக்கல் பக்கம். சொந்தமாக இரண்டு லாரி ஓடுகிறது. பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஜாதகம் பொருந்தி, பெண்ணுக்கும் பிடித்து, இலை போடுகிற நேரத்தில் இந்த டீக்கடைச் செய்தி.

‘இதென்ன பிரமாதம்’ என்று செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2007-ல் ஆரம்பித்த இ-கோர்ட்ஸ் திட்டத்தின் புண்ணியத்தில், தாலுகா கோர்ட் கேஸைக்கூட இன்று வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால், எந்தக் கோர்ட் என்று முதலில் தெரிய வேண்டும். டிராஃபிக் கேஸ் நம் வீடு இருக்கும் ஊருக்கு வராது. பிடிபட்ட இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ, அந்த ஸ்டேஷனுக்கான கோர்ட்டுக்குப் போகும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை ஒரே ரோடுதான். ஆனால் சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று வழியில் கோர்ட் மாறிக்கொண்டே போகும். அடுத்து வருஷம் வேண்டும். அதற்கு மேல் பெயர். பையன் பெயரோ தெருவுக்கு இரண்டு பேர் வைத்திருக்கிற பெயர். அதை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதலாம். ஒரு கோர்ட்டில் மட்டும் நாலு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கு இனிஷியல் சரி, ஊர் சரியில்லை. இன்னொருவருக்கு ஊர் சரி, அப்பா வேறு.

போக்குவரத்துத் துறையின் இ-சலான் பக்கத்துக்குப் போனேன். பையனின் வண்டி நம்பர் கையில் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அண்ணன் காலண்டரில் குறித்துவைத்துவிட்டார், முன்ஜாக்கிரதைக்காரர்! ஆனால் அந்தப் பக்கம் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் கேட்டது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் வண்டிக்குக் கீழே படுத்து சேஸிஸ் நம்பர் பார்ப்பது நன்றாகவா இருக்கும்?

கடைசியில், வக்கீல் நண்பர் ஒருவரின் குமாஸ்தாவைப் பிடித்தேன். முப்பது வருஷ சர்வீஸ்.

‘‘எஸ்.டி.சி. நம்பர் இருந்தா நகல் மனு போடலாம் ஸார். கேஸ்ல சம்பந்தப்பட்டவர்னா பிரச்னை இல்லை. மூணாம் மனுஷன்னா, எதுக்கு வேணும்னு அபிடவிட் எழுதி ஆர்டர் வாங்கணும்.’’

‘‘தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா?’’

‘‘அது ஆகாது ஸார்.’’

அவர் சொன்னது சரிதான். 2020 மார்ச்சில், குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட் ஆவணத்தின் நகல் வேண்டுமென்றால், கோர்ட்டின் விதிகள்படிதான் மனுப்போட்டு வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி வாங்க முடியாது. மூன்றாம் மனிதர் காரணம் சொல்லியாக வேண்டும்.

‘‘என்ன காரணம் ஸார் எழுதட்டும்? மாப்பிள்ளை பாக்கறோம்னா?’’ என்று கேட்டுச் சிரித்தார் குமாஸ்தா. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை பார்ப்பது நியாயமான காரணம் இல்லையா? ஒரு பெண் வாழ்நாள் முழுக்க அவன் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்காரப்போகிறாள். அவளைவிட ‘சம்பந்தப்பட்டவர்’ யார்?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோர்ட்டை எதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள்? நீதிபதி மூடிய அறையில் யாரையும் தண்டித்துவிடக் கூடாது, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. அதாவது, நாம் பார்க்க வேண்டியது நீதிபதியை. நாமோ அந்தக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்காரனை எட்டிப் பார்க்கிறோம்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று யோசித்தபோது, என் கேஸ் ஞாபகம் வந்தது. 2004. பி.காம் முடித்து நிருபர் வேலைக்குச் சேர்ந்த புதிது. சிக்னலைத் தாண்டினேன் என்று பிடித்தார்கள். விளக்கு சிவப்பாவதற்கு முன்பே தாண்டிவிட்டேன். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். கோர்ட்டில் நாற்பது பேர் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர், ‘‘ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. இல்லைன்னா வாய்தா வாய்தாவா நடக்கணும்’’ என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ‘‘குற்றத்தை ஒத்துக்கறீங்களா?’’ ‘‘ஆமாங்க.’’ 100 ரூபாய். பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

சுருக்க விசாரணைப் பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. குற்றம் நடந்த தேதி, குற்றவாளியின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், அவர் சொன்ன பதில், தீர்ப்பு, தண்டனை. ‘பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஒப்புக்கொண்டார்’ என்று எழுத அதில் இடம் கிடையாது. கணக்குப் பதிவியலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தப்பான என்ட்ரியை அடிக்கக் கூடாது, எதிர் என்ட்ரி போட்டு நேர் செய்ய வேண்டும் என்பது. கோர்ட் நோட்டில் என் ‘ஆமாங்க’வுக்கு எதிர் என்ட்ரி எங்கே போடுவது? ஒப்புக்கொண்டவர், தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டும்தான் அப்பீல் போக முடியும். நூறு ரூபாய் கேஸுக்கு அதுவும் கிடையாது.

என்னுடையதாவது ஒரே ஒரு ‘ஆமாங்க’. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்களை நினைத்துப் பாருங்கள். ஆந்திராவில் ஒன்று, மகாராஷ்டிராவில் ஒன்று. லோடை இறக்காமல் வாய்தாவுக்கு நிற்க முடியுமா? அதற்காகவே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-வது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. சிறு குற்றமானால், சம்மனில் சொன்ன தொகையோடு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இந்தப் பழக்கம் விபத்து கேஸுக்கும் தொற்றிக்கொள்கிறது. ‘ஃபைனை நான் கட்டறேன், நீ ஒத்துக்கோ’ என்று யாராவது சொல்ல, தலையாட்டிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விடுகிற டிரைவர்கள் உண்டு. பின்னால் இழப்பீட்டு வழக்கு வரும். ‘டிரைவரே ஒப்புக்கொண்டாரே’ என்று அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள். அதுவே முடிந்த முடிவு அல்ல என்றாலும், அதற்கு மேல் அவர் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

முன்பெல்லாம் இதற்குக் கரையான் ஒரு மருந்து வைத்திருந்தது. கரையான் மட்டும் அல்ல, சட்டமும்தான். தேவை முடிந்த கோர்ட் கட்டுகளைக் கழித்துவிட 1917-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். ‘‘உங்க கட்டை எப்பவோ கழிச்சிருப்பாங்க ஸார்’’ என்று குமாஸ்தாகூட எனக்கு ஆறுதல் சொன்னார். கம்ப்யூட்டருக்குக் கரையான் கிடையாது. விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். 2021 ஆகஸ்டில் முடியாது என்றார் தனி நீதிபதி. 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, மறைக்கலாம் என்றது. அதே ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்தது. குற்றமே நிரூபணமாகாதவருக்கு இந்தப் பாடு!

அதற்காக, குடித்துவிட்டு ஓட்டியதையும் சிக்னல் தாண்டியதையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்று மெஷின் காட்டினால், அதில் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்கிற கதையெல்லாம் கிடையாது. அது ரோட்டில் போகிற எல்லோர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ‘‘ஏனுங்ணா, பேசாம மாப்பிள்ளையையே கேட்டுப்போடுங்க.’’

‘‘அதெப்பிடிடா மூஞ்சிக்கு நேரா கேக்கறது? தப்பா நெனச்சுக்கமாட்டாங்களா?’’

அவனுக்குத் தெரியாமல் அவன் அப்பா பெயர், விலாசம் முதல் எல்லாவற்றையும் தோண்டலாம். அவனை மட்டும் கேட்கக் கூடாது. நாம் எல்லோருமே இப்படித்தான் இருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் கேட்டேவிட்டார். பையன் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, ‘‘ஆமாங்க மாமா’’ என்றிருக்கிறான். 2023 ஆயுத பூஜை ராத்திரி. லாரிகளுக்குப் பூஜை போட்டுவிட்டு, டிரைவர்களோடு சேர்ந்து குடித்துவிட்டு, பைக்கில் திரும்பும்போது மாட்டினானாம். 10,000 ரூபாய் கட்டியிருக்கிறான்.

‘‘சொல்லிட்டாப்ல, சந்தோஷம்தான்’’ என்றார் அண்ணன். ‘‘ஆனா தம்பி, அது ஒரு தடவைதானான்னு எப்பிடித் தெரிஞ்சுக்கறது?’’

எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டமே அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறது. முதல் தடவைக்கு 10,000, இரண்டாம் தடவைக்கு 15,000 என்று தொகையே மாறுகிறது. ஜெயில் காலமும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை ஏறுகிறது. ஒப்புக்கொண்டதற்குத் தாள் இருக்கிறது. வேறு கேஸ் இல்லை என்பதற்குத் தாள் எங்கே போய் வாங்குவது?

அந்தச் சிக்கலைப் பையன்தான் பாதி அவிழ்த்தான். அது அவன் கேஸ். நகல் கேட்க அவனுக்கு அபிடவிட் தேவையில்லை. மனுப்போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, நகல் வாங்கி, தானே ராசிபுரம் வந்து அண்ணன் கையில் கொடுத்திருக்கிறான். ‘‘முதல் தடவைன்னுதான் ஃபைன் போட்டிருக்காங்க, பாருங்க மாமா. அதுக்கப்பறம் நான் தொடலை’’ என்றானாம். முதல் பாதிக்குத்தான் அந்தத் தாள் சாட்சி. இரண்டாவது பாதியை அவன் முகத்தைப் பார்த்து நம்பினார் அண்ணன். பாப்பாவுக்கு முன்பே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

தை மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். போன வாரம் பத்திரிகை கொடுக்க வந்த அண்ணனிடம் கேட்டேன்.

‘‘அந்த நகலை என்னங்ணா பண்ணினீங்க?’’

‘‘அது எதுக்கு நம்மகிட்ட? அன்னைக்கே மாப்பிள்ளைகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்’’ என்றார். வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ‘‘ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத்தான்’’ என்றார்.