கருவியைச் சார்ந்த உயிர்

இளங்கலை மாணவர்கள் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் தங்கி ஆராயும் கோடைக்கால வாய்ப்பை, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் வழங்கிவருகிறது. இந்தியாவில் அறிவியல் கழகங்கள் இரண்டு மாத உதவித்தொகை தந்து இதையே செய்கின்றன. மலேசியாவின் பினாங்குத் தீவில் கோடை என்று தனிப் பருவம் இல்லை. நீண்ட பருவ விடுமுறையும் தொழிற்பயிற்சிக் காலமுமே அதற்கு இடம். 1969இல் தொடங்கிய இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலம்–மலாய் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வு 1980களிலேயே நடந்தது. மொழியைக் கையாளும் இயந்திரம் இந்தத் தீவுக்குப் புதிதன்று.

மனிதரோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவை ஆராய வரும் மாணவர் முதலில் சந்திப்பது ஒரு தத்துவக் கேள்வி: பதில் சொல்லும் இயந்திரத்துக்கு அறிவு உண்டா? கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950இல் அதை உரையாடல் சோதனையாக மாற்றினார். குறிகளை விதிப்படி அடுக்குவது பொருளை உணர்வதாகாது என்று தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1980இல் மறுத்தார்.

அறிவுக்கும் சடத்துக்கும் இடையிலான கோட்டைச் சைவ சித்தாந்தம் வேறிடத்தில் கிழிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களிலிருந்து உயிரைப் பிரித்துக் காட்டுகிறது. அவை மாயையில் தோன்றிய சடப்பொருள்கள். எண்ணுவதும் துணிவதும் அவற்றின் வழியே நடந்தாலும் அறிவது உயிரே. மனிதனின் புத்தியே சடம் என்றால், அதன் வேலையை வேறொரு சடப்பொருள் செய்வதில் வியப்பில்லை. செய்வதால் அதற்கு உயிர் வந்துவிடுவதும் இல்லை. பிறருக்கு உயிர் உண்டென்று பேச்சையும் செயலையும் கொண்டுதானே ஊகிக்கிறோம், அந்த ஊகத்தை இயந்திரத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். வலுவான தடை இது. சித்தாந்தத்தின் விடையை ஆய்வுக்கூடத்தில் நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே சாத்திரம் ஆராயத்தக்க வேறொரு கேள்வியைத் தருகிறது. விடுமுறை மாணவருக்கு அதுவே மேலானது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடையும் என்பது சித்தாந்தக் கொள்கை. இயந்திரம் எதுவாயினும் ஆகுக. அதைச் சார்ந்தவர் என்ன ஆகிறார்? கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா ஓர் எளிய உரையாடல் நிரல். பேசுபவரின் சொற்களையே கேள்வியாகத் திருப்பித் தரும். வைசன்பாம் அதை உருவாக்குவதைப் பல மாதம் கண்ணெதிரே பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சற்றுப் பேசியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இவ்வளவு சிறிய பழக்கம் ஒருவரை இப்படி ஆட்கொள்ளுமா என்று வைசன்பாம் திகைத்தார்.

இத்தகைய மாற்றத்தை ஓரளவு அளக்கலாம். ஒரு குழு இயந்திரத் துணையோடும் மற்றொன்று துணையின்றியும் கணக்குப் பயிலட்டும். சில நாள் கழித்து இரண்டுமே துணையின்றி எழுதும் விடைகளை ஒப்பிடலாம். தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் பினாங்கின் ஜார்ஜ்டவுனில், இயந்திரத்துக்குப் புரியட்டும் என்று மக்கள் தங்கள் பேச்சை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள், எந்த மொழியைக் கைவிடுகிறார்கள் என்றும் பதிவு செய்யலாம். பங்கேற்பவரின் ஒப்புதலும் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியும் இதற்குத் தேவை. அவற்றைப் பெற நாளாகும் என்பதால், விண்ணப்பம் விடுமுறைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.